டெட்ராய்ட் கலைக்கூடமும் நம் சொத்து வரியும்: ஆண்டறிக்கையில் எதைப் பார்ப்பது?

ஏரிநாடன்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்டும் அதன் புறநகர்களும் அடங்கிய வெய்ன், ஓக்லண்ட், மக்கோம் கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வீடு வைத்திருக்கும் நம்மவர்களை நினைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். மற்றவர்களும் வரலாம். ஊரிலிருந்து எழுதுகிறவர்களும் கேள்வி கேட்கலாம்.

நம் சொத்து வரிச் சீட்டில் பள்ளிக்கூடம், நூலகம், பூங்கா என்று போகும் பட்டியலில் டெட்ராய்ட் கலைக்கூடத்தின் பெயரும் இருக்கும். வரிக்கு உட்பட்ட மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 20 சென்ட். சந்தை விலை 1,50,000 டாலர் உள்ள வீட்டுக்கு (வரிக்கு உட்பட்ட மதிப்பு அதில் பாதி என்று வைத்தால்) ஆண்டுக்குச் சுமார் 15 டாலர் வரும். சின்னத் தொகைதான். ஆனால் மூன்று கவுண்டியும் சேர்ந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.3 கோடி டாலர் என்று தொடக்கத்தில் கணக்கிட்டார்கள். விளக்கு எரிவது, காவலர் சம்பளம், கூடங்களைத் திறந்து வைத்திருப்பது எல்லாம் பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது.

நம்மைக் கேட்காமல் போட்ட வரி இல்லை இது. 2000-இலும் 2002-இலும் கலை, பண்பாட்டு அமைப்புகளுக்காக ஒரு வட்டார வரி கேட்டு இரண்டு முறையும் தோற்றார்கள். 2012 ஆகஸ்டில் கலைக்கூடத்துக்கு மட்டும் என்று கேட்டபோது மூன்று கவுண்டியும் சம்மதித்தன. மக்கோமில் மயிரிழையில்தான் தேறியது. முதலில் பத்து ஆண்டு. 2020 மார்ச்சில் மறுபடி வாக்கெடுப்பு வைத்து இன்னும் பத்து ஆண்டு வாங்கினார்கள்.

பதிலுக்கு அவர்கள் கொடுத்த வாக்கு என்ன? மூன்று கவுண்டிக்காரர்களுக்கும் பொது நுழைவு இலவசம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுவது இலவசம், முதியோர் குழுக்களுக்கும் அப்படியே. அதோடு ஒவ்வொரு கவுண்டியின் ஊர்களுக்குள்ளும் போய், அங்குள்ள அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கவுண்டிக்கு ஒன்றாகக் கலைக்கூட ஆணையம் இருக்கிறது. பணம் அதன் வழியாகத்தான் போகிறது. என்ன செய்தோம் என்று கலைக்கூடம் அந்த ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி வாக்கியம். பெரும்பாலான அருங்காட்சியகங்களின் ஆண்டறிக்கை, நன்கொடை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் வழவழப்பான புத்தகம். இங்கே அதில் ஒரு பகுதியாவது வரி கட்டியவருக்குக் கணக்கு ஒப்படைக்கிற காகிதம்.

அந்தக் காகிதத்தில் நாம் எதைத் தேட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. போன ஆண்டு கலைக்கூடத்தோடு சேர்ந்து வேலை செய்த நூலகமோ முதியோர் மையமோ இந்த ஆண்டும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு தடவை கூப்பிட்டவர் மறுபடி கூப்பிடுகிறார் என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

கணக்குப்பிள்ளை

நல்ல இழை. ஆனால் தலை எண்ணிக்கையை இவ்வளவு சுலபமாக ஒதுக்காதீர்கள், ஏரிநாடன். வரிப்பணம் என்று வந்துவிட்டால் எண்ணக்கூடியதைத்தான் முதலில் கேட்க முடியும். எத்தனை பள்ளிகள், எத்தனை பேருந்துகள், ஒவ்வொரு கவுண்டிக்கும் எவ்வளவு என்று கேட்பது வரி கட்டுகிறவனின் உரிமை. மக்கோம்காரர் கட்டிய பணத்துக்கு மக்கோம் பள்ளிகளுக்கு என்ன வந்தது என்ற கேள்விக்கு "உறவு வளர்ந்தது" என்று பதில் வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் இன்னொன்று. 2014-இல் கலைக்கூடத்தின் மேல்மட்ட நிர்வாகிகளுக்குச் சம்பளம் கூட்டிய செய்தி வந்தபோது ஓக்லண்டில் எவ்வளவு கோபம் எழுந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். நகரமே திவாலாகி ஓய்வூதியக்காரர்கள் வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம் அது. எண்ணைப் பார்க்கிறவர்கள் இருந்ததால்தான் அந்த விஷயம் வெளியே வந்து கேள்வியானது.

கரும்பலகை

நான் வெய்ன் கவுண்டியில் ஒரு பள்ளியில் கலைப் பாடம் எடுக்கிறேன். பேருந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வெளியில் இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாது.

நுழைவுச் சீட்டு இலவசம் என்று எந்த அருங்காட்சியகமும் சொல்லிவிடலாம். பள்ளியைத் தடுப்பது சீட்டு அல்ல, வண்டி வாடகை. ஒரு பேருந்துக்கும் ஓட்டுநருக்கும் ஆகும் செலவைப் பெற்றோரிடம் பிரித்து வாங்க வேண்டுமென்றால், எந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று எனக்கு வகுப்பில் உட்கார்ந்தபடியே பெயர் சொல்லத் தெரியும். கலைக்கூடம் பேருந்துச் செலவையும் ஏற்றுக்கொண்ட பிறகு அந்தப் பிள்ளைகளும் வருகிறார்கள். எனக்கு அறிக்கையில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு பேருந்துக் கணக்கு இருந்தால் போதும்.

உள்ளே போனதும் எங்கள் பிள்ளைகளை நான் முதலில் கூட்டிப்போவது ரிவேரா முற்றத்துக்கு. மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932-லும் 1933-லும் அங்கேயே தங்கி வரைந்த 27 சுவரோவியங்கள். பணம் கொடுத்தவர் ஃபோர்டு கார் நிறுவனத் தலைவர் எட்செல் ஃபோர்டு. ரிவேரா டியர்போர்னில் ஃபோர்டின் ரூஜ் கார் ஆலைக்குள் நாள் கணக்காகச் சுற்றிக் குறிப்பெடுத்து, வடக்குச் சுவரில் ஃபோர்டு வி8 எஞ்சின் உருவாவதையும் தெற்குச் சுவரில் காரின் உடல் பொருத்தப்படுவதையும் வரைந்தார். சுவர் முழுக்க உழைக்கும் உடம்புகள்தான். முழுசாக முடிந்த சிவப்புக் கார் தெற்குச் சுவரின் ஒரு மூலையில் தேடினால்தான் தென்படும் அளவுக்குச் சின்னது. தாத்தா அந்த ஆலையில் வேலை பார்த்த பிள்ளை எங்கள் வகுப்பில் எப்போதும் ஒருத்தராவது இருக்கும். அந்தப் பிள்ளைதான் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லும். எங்களோடு வரும் தன்னார்வலர் அப்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அது நல்ல பயிற்சி பெற்றவர்கள் செய்வது.

அடையாறு_ஆலமரம்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். அங்கே போனதில்லை. இரண்டு விஷயம் புரியவில்லை. ஊர்களுக்குள் போய் வேலை செய்வது என்றால் என்ன செய்கிறார்கள்? ஓவியங்களை எடுத்துக்கொண்டா போக முடியும்? இன்னொன்று, திவால் சமயத்தில் கலைப் பொருட்களை விற்கப் பார்த்தார்கள் என்று படித்த ஞாபகம். ஒரு அருங்காட்சியகத்தின் சொத்தை நகராட்சி எப்படி விற்க முடியும்?

ஏரிநாடன்

@அடையாறு_ஆலமரம் இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அதில்தான் கதையே இருக்கிறது.

கலைக்கூடம் தொடங்கியது 1885-இல். 1919-இல் சேகரிப்பை டெட்ராய்ட் நகரத்தின் கையில் ஒப்படைத்தார்கள். அப்போது டெட்ராய்ட் கார் பணத்தில் கொழித்த நகரம். நகரத்தின் பணத்திலேயே ஓவியங்கள் வாங்கினார்கள். 1922-இல் வாங்கிய வான்கோ தன்னுருவப்படம், அமெரிக்கப் பொது அருங்காட்சியகம் ஒன்றுக்கு வந்த முதல் வான்கோ ஓவியம். இயக்குநராக இருந்த ஜெர்மானியர் வில்லியம் வாலன்டைனர் 1930-இல் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் புரூகெலின் 'திருமண நடனம்' ஓவியத்தை இங்கிலாந்திலிருந்து கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். ரிவேராவை வரவழைத்தவரும் அவரேதான்.

நகரத்தின் பெயரில் இருந்தது தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு வினையாக வந்தது. 2013 ஜூலையில் டெட்ராய்ட் திவால் மனு கொடுத்தது. கடன் சுமார் 1,800 கோடி டாலர். அமெரிக்காவில் அதுவரை எந்த நகரமும் அவ்வளவு பெரிய அளவில் திவாலானதில்லை. கடன் கொடுத்தவர்கள் கண்ணில் பட்டது கலைக்கூடம். கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தை வைத்து, நகரப் பணத்தில் வாங்கிய பொருட்களை மட்டும் மதிப்பிட்டார்கள். 45.4 கோடியிலிருந்து 86.7 கோடி டாலர் என்று வந்தது. அதில் புரூகெல் ஓவியத்துக்கு மட்டும் 10 கோடி முதல் 20 கோடி.

விற்பனையைத் தடுத்தது பலர் கைகோத்த ஒரு பெரிய உடன்பாடு. தனியார் அறக்கட்டளைகள் சேர்ந்து 36.6 கோடி டாலர், மாநில அரசு 20 ஆண்டுக் கணக்கில் 35 கோடி (ரொக்கமாக ஒரே தவணையில் 19.5 கோடி கொடுத்து முடித்தது), கலைக்கூடம் தானே திரட்டுவதாக ஒப்புக்கொண்ட 10 கோடி. ஆக மொத்தம் 81.6 கோடி டாலர். அத்தனையும் நகர ஊழியர்களின் ஓய்வூதிய நிதிக்குப் போனது. மாற்றாக, கட்டடமும் சேகரிப்பும் நகரத்தின் கையிலிருந்து ஒரு லாப நோக்கற்ற அமைப்புக்கு மாறின. 2014 நவம்பரில் நீதிபதி ஒப்புதல் கொடுத்தார்.

இனி முதல் கேள்வி. அசல் ஓவியத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை. 2010-இல், 125-ஆவது ஆண்டு விழாவை ஒட்டி 'இன்சைட் அவுட்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சேகரிப்பில் உள்ள பெரிய ஓவியங்களை அசல் அளவில் தரமாக அச்சிட்டுச் சட்டம் போட்டு, ஊர்களின் தெருச் சுவரிலும் பூங்காவிலும் ஆற்றங்கரையிலும் மாட்டுவது. லண்டன் தேசியக் கலைக்கூடம் 2007-இல் சோஹோ தெருக்களில் இதே மாதிரி செய்ததுதான் முன்மாதிரி. இந்தத் திட்டம் நன்றாக ஓடியதால் நைட் அறக்கட்டளை பணம் போட்டு வேறு நகரங்களுக்கும் கொண்டுபோனது. இது தவிர, தன்னார்வலர்கள் நூலகங்களுக்கும் முதியோர் மையங்களுக்கும் போய்ப் படம் காட்டிப் பேசுகிறார்கள். ஊர் மக்களோடு சேர்ந்து பொதுச் சுவர்களில் புது ஓவியமும் வரைகிறார்கள்.

கணக்குப்பிள்ளை

நீங்கள் சொன்ன வரலாறு சரி. ஆனால் அதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கலைக்கூடத்தைக் காப்பாற்றியது அறக்கட்டளைகளின் பணம், மாநில அரசின் பணம், நீதிமன்றத்தில் சமரசம் பேசியவர்கள். கலைப் பொருட்கள் பொது அறக்கட்டளைச் சொத்து, கடனுக்கு விற்க முடியாது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கொடுத்த கருத்தும் உதவியது. தெருவில் நகல் மாட்டியதோ முதியோர் மையத்தில் பேசியதோ காப்பாற்றவில்லை. மக்கள் தொடர்புப் பணிக்கு அதிகமாகப் புகழ் கொடுக்கிறோமோ என்று தோன்றுகிறது.

ஏரிநாடன்

@கணக்குப்பிள்ளை இங்கே நான் உங்களோடு உடன்படவில்லை. நீங்கள் விட்டுவிட்ட ஒரு கண்ணி இருக்கிறது.

திவால் மனு வந்தது 2013 ஜூலை. அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே மூன்று கவுண்டிகளும் வரிக்குச் சம்மதம் கொடுத்திருந்தன. ஒரு ஓவியத்தை விற்றாலும், வரிப்பணத்தை வேறு எதற்காவது திருப்பினாலும், வரி வசூலையே நிறுத்திவிடுவோம் என்று ஓக்லண்ட் ஆணையம் 2013-இலேயே தீர்மானம் போட்டது. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். புரூகெலை விற்றால் ஒரு தடவை பணம் வரும். ஆனால் அந்த நிமிடமே ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் வந்துகொண்டிருக்கும் வருமானம் நின்றுபோகும், கலைக்கூடம் கதவை மூட வேண்டியதுதான். விற்கலாம் என்று சொன்னவர்களின் கணக்கு அங்கேயே சிக்கலாகிவிட்டது.

அந்த வாக்குகள் எப்படி வந்தன? டெட்ராய்ட் என்றாலே முகம் திருப்பிக்கொள்ளும் புறநகர்கள் இருந்த காலம் அது. அந்த ஊர்களின் தெருக்களில் 2010-இலிருந்தே கலைக்கூடத்தின் படங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்கு முன்னால், 2007-இல் சுமார் 15.8 கோடி டாலர் செலவில் கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது, அப்போதைய இயக்குநர் கிரஹாம் பீல் கூடங்களையே வேறு மாதிரி அடுக்கினார். இன்ன நூற்றாண்டு, இன்ன கலை மரபு என்று மட்டும் பிரிக்காமல், பார்க்கிறவர் வாழ்க்கையிலிருந்து தொடங்கும் கருப்பொருள்களை வைத்துத் தொகுத்தார். விளக்கப் பலகைகளை யாருக்கும் புரியும்படி எழுத வைத்தார். இதெல்லாம் கலை வரலாற்றைத் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்கிறது என்று அன்று விமர்சனம் வந்தது. எனக்கு அந்த விமர்சனத்தில் உடன்பாடு இல்லை. மக்கோமில் மயிரிழையில் தேறிய அந்த வாக்குகளில் ஒரு பகுதியாவது இந்த வேலையால் வந்தது என்று நம்புகிறேன்.

மக்கோம்வாசி

மக்கோம் என்று பெயர் வந்ததால் நானும் சேர்கிறேன். 2012-இல் இங்கே ஏன் அவ்வளவு இழுபறி என்றால், மக்கள் கஞ்சர்கள் என்பதால் இல்லை. 2008 பொருளாதாரச் சரிவில் இங்கே எத்தனை பேருக்கு வேலை போனது, வீடு போனது என்பதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பதினைந்து டாலர்கூட "எதற்கு?" என்று கேட்க வைத்த காலம்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோடையில் நகல் படங்கள் மாட்டினார்கள். நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள், சைக்கிளில் போகிற பையன்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் ஆலையில் வாழ்நாள் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்றவர். இதன் அசல் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். டெட்ராய்டில், நமக்கு நுழைவு இலவசம் என்றேன். அவர் இளமையில் போனதோடு சரி, அதற்குப் பிறகு டவுன்டவுன் பக்கமே போகாதவர். பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்வந்தார். 2020-இல் மறுபடி வாக்கெடுப்பு வந்தபோது இங்கே பழைய இழுபறி இல்லை.

வுட்வர்ட்_அவென்யூ

எல்லோரும் புறநகர்ப் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் நகரத்துக்குள் வசிக்கிறேன். இங்கே உள்ளவர்களின் மனநிலையையும் கொஞ்சம் கேளுங்கள்.

1950-இல் டெட்ராய்டில் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6,39,111. பெரும்பான்மை கறுப்பினத்தவர். நகரம் இளைத்த காலத்திலும் அந்தச் சேகரிப்பு சட்டப்படி அவர்களுடையது. 2014 உடன்பாட்டில் அது அவர்கள் கையை விட்டுப் போனது. விற்கப்படவில்லை, உண்மைதான், அதற்கு எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நகரத்தின் பொது ஊழியர்களுக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டு விழுந்தது, விலைவாசிக்கு ஏற்ற ஆண்டு உயர்வும் போயிற்று. அப்படி விட்டுக்கொடுத்தவர்களில் பலர் இதே நகரத்துக்காரர்கள். என் தெருவில் ஓய்வுபெற்ற நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். படங்களைக் காப்பாற்ற இத்தனை கோடி கிடைத்தது, அவை இல்லாவிட்டால் எங்களுக்காக யார் வந்திருப்பார்கள் என்று கேட்பார். அதற்கு எளிய பதில் இல்லை.

அதனால் ஆண்டறிக்கையில் நான் தேடுவது வேறு. புறநகர்ப் பேருந்துகள் எத்தனை வந்தன என்பதோடு, நகரத்துக்குள் இருக்கும் மக்கள் எந்த அளவுக்கு உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பார்வையாளராக மட்டும் இல்லை, சுவரில் தொங்கும் படைப்பாளியாக, காப்பாட்சியராக, முடிவெடுக்கும் குழுவில் உறுப்பினராக. 2000-இலேயே ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைக்கென்று தனிப் பிரிவு அமைத்த அருங்காட்சியகம் இது. அந்த நாளில் அது பெரிய முன்னோடி வேலை. 1967-இல் டெட்ராய்டில் நடந்த கறுப்பின மக்கள் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டில், பக்கத்திலேயே உள்ள சார்லஸ் ரைட் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தோடு கைகோத்துக் கண்காட்சி நடத்தினார்கள். அந்த மாதிரி ஆண்டுகளில் உள்ளே கூட்டமும் வேறு, பேச்சும் வேறு. ஆண்டுவிழா இல்லாத ஆண்டுகளில் அதே வேகம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஏரிநாடன்

@வுட்வர்ட்_அவென்யூ இதை எழுதியதற்கு நன்றி. அந்த ஓட்டுநரின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வரியின் கட்டமைப்பே புறநகர்களுக்குப் பேரம் பேசும் பலத்தைக் கொடுக்கிறது. ஓக்லண்டுக்கும் மக்கோமுக்கும் தனித்தனி ஆணையம் உண்டு. டெட்ராய்ட் நகரத்துக்கென்று தனியாக இல்லை, வெய்ன் கவுண்டிக்குள்தான் அது வருகிறது. கவுண்டிவாரியாகக் கொடுக்கும் எண்ணில் நகரம் மறைந்துபோகிறது. நகரத்துக்கு மட்டும் தனிக் கணக்கு கேட்பது நியாயமான கோரிக்கை.

செப்புத்திருமேனி

நான் வேறொரு மாநிலத்தில் அருங்காட்சியகக் கல்விப் பிரிவில் வேலை செய்கிறேன். உள்ளிருந்து இரண்டு வார்த்தை.

மக்கள் தொடர்புப் பணி என்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஏற்கெனவே முடிவு செய்ததை மக்களிடம் கொண்டுபோவது ஒன்று. முடிவெடுக்கும் முன்பே மக்களைக் கேட்பது இன்னொன்று. முதல் வகையை எண்ணுவது சுலபம், அதனால் அறிக்கைகளில் அதுதான் நிறையும். இரண்டாவது வகைக்கு ஒரு ஆண்டில் காட்ட எதுவும் இருக்காது. கூட்டம் போட்டோம், எட்டு பேர் வந்தார்கள், விளக்கப் பலகையின் வாசகம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் அந்த வாசகம் இருபது ஆண்டு அங்கே நிற்கும்.

டெட்ராய்டில் 2018 நவம்பரில் ஆசியக் கலைக்கான புதிய பகுதி திறந்தார்கள். அதற்கான ஏற்பாட்டின்போது இந்த வட்டாரத்தில் வாழும் ஆசியச் சமூகத்தினரோடு கலந்து பேசினார்கள். அவர்களிடம் 13-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. கலை வரலாறு படித்தவர் அதன் முன்னால் நின்றால் இடுப்பின் வளைவையும் வார்ப்பு முறையையும் பேசுவார். நம் வீட்டுப் பெரியவர் நின்றால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கோயிலில் பட்டும் மாலையும் சாத்தித்தான் பார்த்திருப்பார், இப்படி வெறும் உலோகமாகப் பார்த்திருக்க மாட்டார். இந்த இரண்டு பார்வைக்கும் ஒரே கூடத்தில் இடம் கொடுப்பது எப்படி என்று அந்தச் சமூகத்து ஆட்களைக் கேட்காமல் எந்தக் காப்பாட்சியராலும் சரியாகச் செய்ய முடியாது.

இன்னொரு எடுத்துக்காட்டு. 2013-இலிருந்து இலையுதிர் காலத்தில் மெக்சிகோ மக்களின் இறந்தோர் நாளுக்கான படையல்களை அங்கே காட்சிக்கு வைக்கிறார்கள். உள்ளூர்க் கலைஞர்களும் குடும்பங்களும் குழுக்களும் தங்கள் கையால் படையல் அமைக்கிறார்கள். டெட்ராய்டின் தென்மேற்குப் பகுதியில் மெக்சிகோ வம்சாவளியினர் தலைமுறைகளாக இருக்கிறார்கள். ரிவேராவும் மெக்சிகோக்காரர். ஒரே ஆண்டு செய்துவிட்டு விட்டிருந்தால் அது விழாக்கால நிகழ்ச்சி. தொடர்ந்து நடப்பதால், இந்த ஆண்டு நாம் யாருக்குப் படைக்கப் போகிறோம் என்று குடும்பங்கள் முன்கூட்டியே யோசிக்கின்றன. ஏரிநாடன் முதல் பதிவில் மறுபடி கூப்பிடுவது பற்றிச் சொன்னதை என் வேலை அனுபவத்திலும் பார்க்கிறேன். புதுத் திட்டத்துக்குப் பணம் கிடைப்பது சுலபம், பத்தாவது ஆண்டுக்குப் பணம் கேட்டால் கொடையாளர்கள் கொட்டாவி விடுவார்கள். வரிப்பணம் பத்து ஆண்டுக்கு உறுதியாக வருவதன் அருமை அதுதான்.

அடையாறு_ஆலமரம்

விளக்கியதற்கு நன்றி. இந்தியாவில் இதற்குப் பக்கத்தில் வருவது மும்பை சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்தின் நடமாடும் பேருந்து என்று நினைக்கிறேன். 2015-இலிருந்து பேருந்துக்குள்ளேயே கண்காட்சி அமைத்துப் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் போகிறார்கள். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் நிதியுதவியில் தொடங்கியது. மக்கள் வாக்குப் போட்டுத் தங்கள் வரியிலிருந்து கொடுப்பது என்பது எனக்குப் புதிய செய்தி.

கணக்குப்பிள்ளை

செப்புத்திருமேனி சொன்னதைப் படித்த பிறகும் என் நிலை இதுதான்: எண் வேண்டும். ஆனால் கேட்க வேண்டிய எண்களின் பட்டியல் கொஞ்சம் மாறுகிறது. எத்தனை பள்ளிகள் இதுவரை ஒரு தடவைகூட வரவில்லை? போன ஆண்டு சேர்ந்த அமைப்புகளில் எத்தனை தொடர்கின்றன? டெட்ராய்ட் நகரத்துக்கு மட்டும் கணக்கு என்ன? இந்த மூன்றும் எண்ணக்கூடியவை. யாராவது கேட்டால்தான் கொடுப்பார்கள்.

இன்னொரு முக்கியமான எண் இருக்கிறது, அதை யாரும் இங்கே தொடவில்லை. வரி என்றைக்கும் இருக்கப்போவதில்லை என்பதுதான் 2012-இல் சொன்னது. அந்தப் பத்து ஆண்டில் நிலை நிதியைத் திரட்டி, அதன் வருமானத்திலேயே ஓடும் நிலைக்கு வருவோம் என்றார்கள். பிறகு 2020-இல் மறுபடி கேட்டார்கள். திவால் உடன்பாட்டுக்கான 10 கோடியைத் திரட்ட வேண்டியிருந்தது, அதனால் தாமதம் என்பது நியாயமான காரணம். ஆனாலும் நிலை நிதி ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முன்னேற்றத்தின் அளவுகோல். 2031-க்குப் பிறகு பேருந்துக்கு யார் பணம் கொடுப்பது? கரும்பலகை அவர்களின் பிள்ளைகள் அன்றைக்கும் வர வேண்டுமே.

கரும்பலகை

இதைப் படிக்கும்போது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. எங்கள் மாவட்டப் பள்ளிகளின் நிதியிலிருந்து அந்தச் செலவு வர வழியே இல்லை.

ஏரிநாடன்

@கணக்குப்பிள்ளை நிலை நிதி பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம் என்று யாராவது சொன்னாலும் ஏற்பேன். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கிறேன். நிலை நிதி போதுமான அளவுக்கு வளர்ந்து வரி நின்றுபோனால், ஆணையங்களுக்குக் கணக்கு ஒப்படைக்கும் கடமையும் அதோடு நிற்கும். வரி இல்லாமலும் அந்தப் பழக்கம் தொடர வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. இலவச நுழைவும் பள்ளிப் பேருந்தும் வரியோடு பிறந்தவை, வரியோடு போய்விடக் கூடாது.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. கலைக்கூட ஆணையங்கள் 2010-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி அமைந்த பொது அமைப்புகள். மிச்சிகனில் பொது அமைப்புகளின் கூட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், பொதுமக்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்கியாக வேண்டும். கவுண்டி இணையதளத்தில் தேதி பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் மூன்று கேள்விகளையும் அப்படியே படித்தாலே போதும்.

புதுவரவு_நோவை

ஓக்லண்ட் கவுண்டியில் நோவை நகரத்தில் இருக்கிறேன், இந்த இழை முழுவதையும் படித்தேன். என் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிறார்கள். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது, நாங்கள் வேலைக்குப் போனால் பகல் முழுக்க வீட்டுக்குள்தான். முதியோருக்கு ஏற்பாடு உண்டு என்று மேலே எழுதியிருக்கிறீர்களே, அது இவர்களுக்கும் கிடைக்குமா?

மக்கோம்வாசி

@புதுவரவு_நோவை அது தனி ஆளுக்கு இல்லை, 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் குழுக்களுக்கு. உங்கள் நகரத்தின் முதியோர் மையத்தில் கேளுங்கள், அவர்கள் குழுவாகப் பதிவு செய்யும்போது உங்கள் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று சொல்வார்கள். இங்கே என் மாமியார் அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை போய்வந்தார். உள்ளே நிறைய நடக்க வேண்டியிருக்கும், நூற்றுக்கும் மேற்பட்ட கூடங்கள். சக்கர நாற்காலி வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மொழி பற்றிக் கவலைப்பட வேண்டாம், மாமியாருக்கு ஆங்கிலம் அதிகம் வராது, குழுவில் வந்த போலந்துப் பாட்டி ஒருவரோடு சைகையிலேயே பேசிச் சமாளித்துவிட்டார்.

செப்புத்திருமேனி

@புதுவரவு_நோவை உங்கள் பகுதியில் நம் மூத்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் தனிக் குழுவாகவே கேட்டுப் பாருங்கள். இந்தியப் பகுதியில் கூடுதல் நேரம் வேண்டும் என்று பதிவின்போதே எழுதிவிடுங்கள். வழிகாட்டும் தன்னார்வலர் அதற்கேற்ப வழியை மாற்றித் தருவார். அவர்கள் திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள். விளக்கப் பலகை பற்றி ஏதாவது சொன்னால் அதைக் கலைக்கூடத்துக்கும் எழுதி அனுப்புங்கள்.